அஷ்டமிக்கு முந்தின நாள்

நூற்று நாற்பத்தெட்டு மணி இருபது நிமிடம். அந்த நாய் காப்பகத்தில் உயிரோடு இருந்தது அவ்வளவு நேரம்தான்.

நகராண்மைக் கழகத்தின் விதிப்படி, பிடிபட்ட நாய்க்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் உண்டு. புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு வந்த நாயை அடுத்த புதன் பத்து நாற்பது வரை யாரும் தொடக்கூடாது. செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கே அதற்கு ஊசி போடப்பட்டது. போட்டவர் சுகுமாறன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாயின் சொந்தக்காரி சந்திரகலா, கையில் கழுத்துப்பட்டையோடு வந்து நின்றாள்.

அன்றைக்கென்று காப்பகத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாய்களைத் தத்துக் கொடுப்பதற்காகக் கட்டிய புதிய பகுதியைத் திறந்து வைக்க டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்தது. நிருபர்கள் வந்திருந்தார்கள். கழுவிக் காயவைத்த காலிக் கூண்டுகளுக்கு முன்னால் அவள் கத்தியதை மூன்று பேர் கைப்பேசியில் எடுத்தார்கள். "எங்க என் நாய்? சொல்லுங்க, எங்க?" என்று அவள் கேட்கும்போது, ரப்பர் குழாயைப் பிடித்தபடி தலை குனிந்து நிற்கிற ஆள் சுகுமாறன். சாயங்காலத்துக்குள் நான்கு லட்சம் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு பதினைந்து நாள் ஆகிவிட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நாளை வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு விசாரணை.

சுகுமாறனுக்கு ஐம்பத்தாறு வயது. அறுபதில் ஓய்வு. அதற்குள் வேலையை விட்டு நீக்கிவிட்டால் பென்சன் கிடையாது. குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். மூன்றாவது மாடி, இரண்டு அறை. இருபத்தாறு வருடமாக அந்த வீடுதான். மின்தூக்கி எட்டு மாதமாக ஓடவில்லை. அதைப் பற்றி மனைவி ரமணி வாரம் ஒரு முறையாவது திட்டுவாள். இந்தப் பதினைந்து நாளில் ஒரு முறைகூடத் திட்டவில்லை.

அவள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறாள். விடிவதற்கு முன்னே போய் ஒரு மணிக்குத் திரும்புவாள். வியாழக்கிழமை திரும்பியபோது நல்ல மழை. வாசலுக்கு வந்ததுமே குளோரோக்ஸின் பிளீச்சிங் நெடி அடித்தது. சுகுமாறன் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையிலும் தேய்த்திருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் அழுக்கெல்லாம் போய் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"பசியாறினீங்களா?"

"ம்."

அடுப்பின் மேல் அவள் மூடி வைத்துவிட்டுப் போன தோசை அப்படியே இருந்தது. அவள் மூடியைத் திரும்ப வைத்தாள். பையிலிருந்து கங்கோங் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

காப்பகம் குப்பை மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கிள்ளானை விட்டு வெளியே வந்து, துறைமுக லோரிகள் போகிற சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். நாய்ப் பிரிவில் ஆறு பேர். ஆறு பேரும் தமிழர்கள். வேறு யாரும் அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வந்ததில்லை. சுகுமாறன் முதல் பதினைந்து வருடம் லோரியில் போய் நாய் பிடித்தார். கம்பின் நுனியில் கயிற்றுக் கண்ணி. கழுத்தில் மாட்டி, இறுகாமல், அதே நேரம் நழுவாமல் இழுத்துவர வேண்டும். பிறகு முட்டி போய்விட்டது. கூண்டு கழுவவும், சோறு போடவும், ஊசி போடவும் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

அப்போது மூன்று நாள்தான். நாலாம் நாள் ஊசி. ஒரே தண்ணீரில் எல்லாக் கூண்டையும் கழுவுவார்கள். ஒரு நாய்க்கு வாந்திபேதி வந்தால் வாரத்தில் வரிசை முழுவதும் போகும். பத்தில் ஒன்பது திரும்பிப் போகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் யுகேந்திரன் வந்தான். செர்டாங்கில் மிருக வைத்தியம் படித்தவன், முப்பத்தொரு வயது, ஒப்பந்த அதிகாரி. முதல் மாதம் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு கூண்டு கூண்டாகப் போய் எண்ணினான். பிறகு ஒவ்வொன்றாக மாற்றினான். சீக்கு நாய்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைத்து, பூட்ஸை நனைக்காமல் யாரும் தாண்டக்கூடாது என்றான். வந்த அன்றே தடுப்பூசி. ஹோட்டல் மிச்சத்தை நிறுத்திவிட்டு, கோழிக்கழுத்தும் பூசணியும் போட்டு வடித்த சோறு. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் வரலாம். கூட்டத்தில் மேலதிகாரிகளோடு சண்டை போட்டு மூன்று நாளை ஏழு நாளாக்கினான். ஒரு பெரிய வெள்ளைப் பலகையில் கூண்டு எண்ணைப் போட்டு, ஒவ்வொரு நாய்க்கும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று தினமும் காலையில் எழுதினான்.

போன வருடம் பத்தில் ஐந்து பிழைத்தன. "பாதின்னா சும்மாவா?" என்று சுகுமாறன் வீட்டில் சொல்வார். அவர் வேலையைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பித்ததே யுகேந்திரன் வந்த பிறகுதான்.

ஒரு பழக்கத்தை மட்டும் யுகேந்திரனால் மாற்ற முடியவில்லை. தேய்பிறை அஷ்டமியன்று ஊசியைத் தொடமாட்டார்கள். நாய் பைரவரின் வாகனம், அஷ்டமி அவருடைய நாள். சாமான் அறையில் பைரவர் படம் ஒன்று இருந்தது. அன்றைக்கு அதற்குச் செவ்வரளி வைத்து, நாய்களுக்குத் தயிர் சேர்த்த சோறு போடுவார்கள். அன்று முடிய வேண்டிய நாய்க்கு இன்னும் ஒரு நாள் கிடைக்கும். யுகேந்திரன் முதலில் சிரித்தான். "போர்டுல இதுக்கு கட்டமே இல்லண்ணே" என்றான். பிறகு அவனே பலகையில் அஷ்டமிக்குச் சிவப்பு வட்டம் போட்டான். அந்த ஒரு நாள் கூடுதலில் நான்கு நாய்கள் வீடு போய்ச் சேர்ந்திருந்தன. அதையும் அவன் எண்ணி வைத்திருந்தான்.

சந்திரகலா வந்து கத்திய புதன்கிழமை, தேய்பிறை அஷ்டமி.

ஏன் முன்னதாக ஊசி போட்டாய் என்று கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் அஷ்டமி, அன்று நாயைத் தொடுவது எங்கள் மத வழக்கமில்லை, அதனால் முந்தின நாளே முடித்துவிட்டேன் என்று பதில் போனது. மலாயில் சுத்தமாகத் தட்டச்சு செய்த பதில். கீழே சுகுமாறனின் கையெழுத்து. அது எப்படியோ வெளியே போய்விட்டது. சாமி பேரைச் சொல்லிக் கொலை செய்கிறான் என்று எழுதினார்கள். கோயில் செயலாளர் போன் செய்து, கொஞ்ச நாளைக்குக் கோயில் பக்கம் வரவேண்டாம், மற்றவர்களுக்குச் சங்கடம் என்றார். மகள் குமுதா பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்கிறாள். அவள் அப்பாதான் அந்த ஆள் என்று கடையில் தெரிந்ததும் முன்பக்கம் நிற்க வேண்டாம் என்று பின்னால் துணி மடிக்கப் போட்டுவிட்டார்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. யுகேந்திரன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையை நனையாமல் பிடித்திருந்தான்.

"அக்கா, அண்ணே இருக்காங்களா?"

"எங்க போவாரு? உள்ள வாங்க தம்பி." ரமணி துண்டை எடுத்துக் கொடுத்தாள். "சாப்டீங்களா?"

"ஆச்சுக்கா."

"எங்க ஆச்சு? மூஞ்சிய பாத்தாலே தெரியுது. ஒக்காருங்க."

சோறு, நெத்திலிச் சம்பல், கங்கோங் பிரட்டல். அவன் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சுகுமாறன் கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து அமர்ந்தார். அவருடைய விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. யுகேந்திரன் உறையை மேசை ஓரத்தில் வைத்தான்.

சோற்றில் கை வைத்த ஆள் எழுந்து போகமாட்டான் என்று ரமணிக்குத் தெரியும். இரண்டு வாய் உள்ளே போகும்வரை பொறுத்தாள்.

"தம்பி, ஒன்னு கேக்கறேன். அஷ்டமி வந்தா இவங்க ஊசிய முன்னாடி போடுவாங்களா, பின்னாடி போடுவாங்களா?"

யுகேந்திரன் அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தான்.

"ரமணி, சாப்பிட விடு" என்றார் சுகுமாறன்.

"சாப்பிடட்டும். நான் என்ன தட்டையா புடுங்கறேன்? எனக்குப் படிப்பு இல்ல தம்பி, அதனால கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சி அஷ்டமிக்கு ஒரு நாள் கூடத்தான் குடுப்பாங்க. ஒரு நாள் எடுத்துக்கமாட்டாங்க. வருஷத்துக்குப் பன்னெண்டு அஷ்டமிக்கும் நான்தான் தயிர் வாங்கிக் குடுத்து அனுப்பறேன். இந்த மனுஷன்கிட்ட பதினஞ்சி நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். செவுத்துகிட்ட கேட்ட மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்க."

"பின்னாடிதான்க்கா."

"அப்ப இவரு சைன் போட்ட சூராட்ல, அந்தக் கடுதாசியில, ஏன் முன்னாடின்னு இருக்கு?"

வெளியே மழை கனத்துப் பெய்தது. கீழ்மாடியில் யாரோ துணி எடுக்க ஓடினார்கள்.

"நான்தான்க்கா சொன்னேன்" என்றான் யுகேந்திரன். "செவ்வாக்கெழம மத்தியானம் டத்தோ ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சி. முன் வரிசைக் கூண்டெல்லாம் காலியா இருக்கணும், கழுவி வெச்சிருக்கணும், நாய் கொலைச்சா மைக்ல பேச முடியாதுன்னாங்க. பின்கட்டுல எடமில்ல. எல்லாம் சீக்கு நாய். அங்க தள்ளினா ரெண்டு நாள்ல அதுங்களும் போயிரும். வேற கூண்டு கெடைக்குமான்னு நாலு எடத்துக்குப் போன் பண்ணேன். அப்புறம்... முன் வரிசையில இருந்த பதினொன்னுக்கும் மருந்து அளந்து குடுத்தேன்."

"பதினொன்னா?"

"பதினொன்னு."

"பேப்பர்ல ஒன்னுன்னுதான போட்டிருந்தான்?"

"மத்த பத்துக்கும் கேக்க ஆள் வரலக்கா."

ரமணி கரண்டியைக் கீழே வைத்தாள். கணவனைப் பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஷ்டமின்னு யாரு கெளப்பிவிட்டது?"

"நான்தான். அந்தப் பொம்பள கத்தறாங்க, கேமரா எல்லாம் இருக்கு, டத்தோ என்னைப் பாத்து ஏன்னு கேக்கறாரு. வாயில வந்துருச்சி. சொன்னதுக்கப்புறம் மாத்த முடியல. அண்ணேகிட்ட வந்து கேட்டேன். அண்ணே பர்மனென்ட், ஒரு வார்னிங்கோட போயிரும்னு நெனச்சேன்க்கா, சத்தியமா. நான் கான்ட்ராக்ட். டிசம்பர்ல முடியுது. நான் போனா எடத்தை வெளியாள்கிட்ட டெண்டர் விட்ருவாங்க. தலைக்கு இவ்ளோன்னு எடுத்துட்டு மூனு நாள்ல முடிச்சிருவான். பழையபடி ஆயிரும்."

"இப்பவும் வார்னிங்தானா?"

"இப்ப வேலைய விட்டு எடுக்கணும்னு பேசறாங்க."

"அப்ப நாளைக்கு வந்து உண்மைய சொல்லு." வந்ததிலிருந்து 'நீங்க' என்றவள் 'நீ'க்கு மாறிவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

யுகேந்திரன் தட்டிலேயே கையை வைத்திருந்தான். சம்பல் விரலில் காய்ந்துகொண்டிருந்தது. "அதுக்குத்தான்க்கா இது எழுதிக் கொண்டாந்தேன்" என்று கண்ணால் உறையைக் காட்டினான். "அண்ணேக்கு இனிப்புநீர் இருக்கு, சக்கரைக்கு மருந்து சாப்பிடறாங்க, அன்னிக்குக் கொஞ்சம் கொழம்பி நாள மாத்திட்டாங்கன்னு. டாக்டர் லெட்டர் நான் வாங்கித் தரேன். மெடிக்கல்னா பென்சன்ல கை வெக்க மாட்டாங்க."

"கொழம்பிட்டாரா?" ரமணியின் குரல் இறங்கியது. "இருவத்தாறு வருஷம். ஒரு கூண்டு நம்பர் மாறினதில்ல. உன் பலகையில நீ தப்பா எழுதினா இவரு திருத்துவாருன்னு நீயே இந்த வீட்ல ஒக்காந்து சொல்லியிருக்க. மொதல்ல சாமி மேல போட்ட. இப்ப சீக்கு மேல போடறியா? உன் மேல மட்டும் எதுவும் படக்கூடாது, இல்ல?"

அவன் கண்ணில் நீர் நின்றது. துடைக்க இடது கையைக்கூடத் தூக்கவில்லை.

"வெச்சிட்டுப் போங்க தம்பி" என்றார் சுகுமாறன். "நான் சைன் போட்டுத் தரேன். சாப்பிட்டுட்டுப் போங்க."

யுகேந்திரன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். மூன்று மாடியும் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

"பேனாவ எடு" என்றார் சுகுமாறன்.

"எடுக்க மாட்டேன்."

"ரமணி."

"அவன் சொன்னான், நீங்க செஞ்சீங்க. அத சொல்றதுல உங்களுக்கு என்ன கேடு? யாருக்குப் பயப்படறீங்க?"

"ஊசி யாரு கையில இருந்துச்சி?"

"கூலிக்காரன் கையில இருந்துச்சி. அதிகாரி அளந்து குடுத்தான்."

"அவன் வந்ததுக்கப்புறம் எத்தன நாய் வெளிய நடந்து போயிருக்கு, தெரியுமா? அந்தப் பையன் போயிட்டா எல்லாம் போச்சி."

"நாம போயிட்டா? குமுதாவுக்கு மாப்பிள்ள வீட்ல இன்னும் ஒரு பதிலும் வரல. வெளிய வீடு எடுக்க நாம எங்க போறது? என் சம்பளத்துலயா?" அவள் மேசையைத் துடைத்து முடித்தாள். "கெளம்புங்க. அந்தப் பொண்ணப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"எந்தப் பொண்ணு?"

"நாய்க்காரி. குமுதா பேஸ்புக்ல எழுதிக் கேட்டா. ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவர் வரமாட்டேன் என்றார். அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தார். "நீங்க ஒன்னும் பேச வேணாம், நான் பேசிக்கறேன். பக்கத்துல வந்து நில்லுங்க, அது போதும்" என்று அவருடைய சட்டையை எடுத்து மடியில் போட்டாள். வெகுநேரம் கழித்து அதைப் போட்டுக்கொண்டார்.

கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்துகொண்டதால் கிள்ளான் போகிற சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். கன்டெய்னர் லோரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. அவர்களுடைய பழைய கஞ்சில் ரகச் சின்னக் கார் இரண்டு இடத்தில் நின்று போனது. சுகுமாறன் இறங்கித் தள்ளினார். வழியில் அவர் பேசிய ஒரே பேச்சு, "திரும்பிப் போயிரலாம்."

தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடு. இரும்பு கேட்டுக்கு உள்ளே சிமெண்டு முற்றத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். முகத்தின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. மடியில் அலுமினியத் தட்டு, அதில் நான்கைந்து பிஸ்கட்டுகள்.

சந்திரகலா கேட்டைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. படத்தில் பார்த்ததைவிடச் சிறிய உருவம். சுகுமாறனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்க" என்றாள்.

"அப்பா. ரெங்கசாமி. முன்ன லோரி ஓட்டுனாரு. ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷமாச்சி. ஏழெட்டு வார்த்ததான் மிச்சம்."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாலில்லாத கோப்பி ஓ வந்தது. சுகுமாறன் கோப்பையை எடுக்கவில்லை.

ரமணி எல்லாவற்றையும் சொன்னாள். டத்தோ ஆபீஸிலிருந்து வந்த போன், பதினோரு ஊசி, அஷ்டமி, மேசை மேல் கிடக்கிற புதுக் கடிதம். அழாமல்தான் சொன்னாள். பென்சனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"ஷிப்ட் மாறி மாறி போற வேல எனக்கு" என்றாள் சந்திரகலா கடைசியில். "அப்பாவப் பாத்துக்க வர்ற அக்கா அன்னிக்கு கேட்ட சரியா மூடல. மிலோ வெளிய போயிருச்சி. அஞ்சி நாள் தாமான் முழுக்கத் தேடினேன். திங்கக்கெழமதான் ஒருத்தர் சொன்னாரு, முனிசிபல் லோரி ஏத்திக்கிட்டுப் போனத பாத்தேன்னு. ஒடனே அங்க போன் பண்ணேன். ஒரு அங்கிள் எடுத்தாரு. நல்லா பேசினாரு. பழுப்பு நாயா, ஆணா, பேரு என்னம்மான்னு எல்லாம் கேட்டாரு. நாளைக்குத் துப்புரவு, மூடியிருக்கும், புதன்கெழம காலையில வாங்க, அதுவரைக்கும் ஒன்னும் ஆகாது, நான் பாத்துக்கறேன்னாரு. அவர நம்பித்தான் செவ்வாக்கெழம நிம்மதியா வேலைக்குப் போனேன்."

"ஆபீஸ்ல யாராச்சும் எடுத்திருப்பாங்கம்மா" என்றாள் ரமணி.

"அப்படித்தான் இருக்கும்."

முற்றத்தில் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கிழவரின் குரல், குழறலாக, ஆனால் உரக்க: "மிலோ... மிலோ... வா..."

"ஆறு மணிக்கு மிலோவுக்கு பிஸ்கட் போடுவாரு" என்றாள் சந்திரகலா. "செத்துப் போச்சின்னு சொன்னேன். அழுதாரு. மறுநாள் மறந்துட்டாரு. மறுபடி சொன்னேன், மறுபடி மொதல் தடவ கேக்கற மாதிரியே அழுதாரு. நாலு நாள் சொல்லிப் பாத்தேன். இப்ப சொல்றதில்ல. கூப்பிட்டுட்டுத் தூங்கிடுவாரு."

"மிலோ... வா..."

சுகுமாறன் வாசல் பக்கம் திரும்பினார். ரமணி தன் கையை அவர் கை மேல் வைத்தாள்.

"அக்கா, எனக்கு அண்ணே மேல கோவமில்ல" என்றாள் சந்திரகலா. "படத்துல அவர் மூஞ்சிய நானே நூறு தடவ பாத்துட்டேன். சொல்லிச் செய்ய வெச்சவன் வேற யாரோன்னு அப்பவே பட்டுச்சி. நான் நாளைக்கு லீவு எடுத்துக்கிட்டு வரேன். அந்த ஆபீசர் குடுத்த ஆர்டர்னு சொல்றேன். இவர் மேல நான் எழுதிக் குடுத்த புகார திருப்பி வாங்கிக்கறேன். நானே சொன்னா அவங்களால ஒன்னும் பண்ண முடியாது."

ரமணி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "நீ நல்லாருப்பம்மா" என்றாள்.

"அழாதீங்கக்கா." சந்திரகலா அவளை உட்கார வைத்தாள். பிறகு சுகுமாறன் பக்கம் திரும்பினாள். "ஒன்னே ஒன்னு மட்டும் உங்க வாயால கேக்கணும்ணே. ஊசி போடறப்ப அது எங்க மிலோன்னு உங்களுக்குத் தெரியாதுதான?"

"அவருக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் ரமணி. "பதினோரு நாய். எது யாருதுன்னு..."

"அவர் சொல்லட்டும்கா."

வெளியே கிழவர் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். ரமணி கணவனின் கையை அழுத்தினாள். ஒரே ஒரு சொல். 'தெரியாது' என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

சுகுமாறன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"போன எடுத்தது நான்தாம்மா."

சந்திரகலாவின் முகம் மாறியது. அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்னங்க" என்றாள் ரமணி. "என்னங்க, போதும். வாங்க போலாம்."

அவர் கேட்காதவர் மாதிரி நின்றார். "பழுப்பா மூனு இருந்துச்சி. செவ்வாக்கெழம மருந்து கைக்கு வந்ததும் எது உன்னுதுன்னு பாக்கணும்னு ஒவ்வொரு கூண்டா போனேன். உங்கப்பா கூப்பிடறாரே, அதே மாதிரிதான் கூப்பிட்டேன். ரெண்டு கண்டுக்கல. மூனாவது எந்திரிச்சி வந்து கம்பிக்கிட்ட மூஞ்சிய வெச்சி வாலாட்டுச்சி. ஆபீசர் தம்பிகிட்ட போய்ச் சொல்லலாம்னு மறுநாளைக்குப் போட்ட கூடாரம் வரைக்கும் போனேன். டத்தோ ஆளுங்க சுத்தி நின்னாங்க. கூப்பிடப் பயமா இருந்துச்சி. பத்து நிமிஷம் நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். ஊர்ல எத்தனையோ மிலோ இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

முற்றத்தில் சத்தம் நின்றிருந்தது. கிழவர் தூங்கிப்போயிருக்க வேண்டும்.

"தெரியும்மா" என்றார் சுகுமாறன். "தெரிஞ்சிதான் போட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், கிட்ட வந்துச்சி, அப்புறம்தான் போட்டேன்."